எல்.டி.எல். 95 இருந்தும் தமனி விறைப்பது ஏன்?

உயர் ரத்த அழுத்தம் உள்ள ஒருவரின் கொழுப்புப் பரிசோதனை இப்படி வருகிறது: மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 35, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 300. பெரும்பாலான ஆய்வகங்கள் எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ராலைக் கணக்குப் போட்டே எழுதுகின்றன: மொத்தத்தில் எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் 95. நூறுக்குக் கீழே, நிம்மதி. ஆனால் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள்: 155. நல்லது போக மீதியுள்ள கொலஸ்ட்ரால் முழுவதும் இதுதான். இதற்கான இலக்கு எல்.டி.எல். இலக்கோடு 30 சேர்த்தது, அதாவது 130. நிம்மதி போச்சு. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கழித்தல் கணக்கே செல்லாது. நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

சரி, இதற்கும் தமனி (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) விறைப்புக்கும் என்ன தொடர்பு? நினைப்பதைவிடக் குறைவு. கொழுப்பு படிவது தமனியின் உட்சுவரில், திட்டுத்திட்டாக. விறைப்பு வருவது நடுச்சுவரில். அங்குள்ள, நெகிழ்ந்து கொடுக்கும் எலாஸ்டின் இழைகள் ஆண்டுக்கணக்காகத் துடிப்பை வாங்கி நைந்து அறுகின்றன. அந்த இடத்தை நெகிழாத கொலாஜன் பிடிக்கிறது, கால்சியமும் படிகிறது. இதை முடுக்குபவை முதலில் வயதும் அழுத்தமும்தான். எல்.டி.எல்.லுக்கு இதில் பங்கு சிறிது, அதிலும் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. டிரைகிளிசரைடு ஏறி எச்.டி.எல். இறங்கிய ஜோடி வேறு கதை. அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். நாளடைவில் சர்க்கரையும் உயர்ந்தால், அது கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கும்.

விறைப்பை அளப்பது நாடி அலையின் வேகத்தை வைத்து. கழுத்துத் தமனியிலும் தொடை இடுக்குத் தமனியிலும் அலை வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் குறித்து, தூரத்தை அதனால் வகுப்பார்கள். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் விறைப்பு. பிழை நுழைவது தூரத்தில்தான். இரண்டு இடங்களுக்கும் நேர்த்தூரம் 60 செ.மீ. என்றால் அதில் 80 சதவீதத்தை, 48 செ.மீ.யை, எடுக்க வேண்டும். நேரம் 48 மில்லிநொடி என்றால் வேகம் 10. அறுபதையே போட்டால் 12.5! பழைய வரம்பு 12 என்று இருந்ததும் இந்த நேர்த்தூரக் கணக்கால்தான். அளப்பதற்கு முன் பத்து நிமிடம் படுத்து ஓய்வு. மூன்று மணி நேரத்துக்குள் காபி, புகை கூடாது. அளக்கும்போது பேசவும் கூடாது, தூங்கவும் கூடாது. இரண்டு அளவுகள் 0.5-க்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது எடுத்து நடு எண்ணைக் கொள்ள வேண்டும்.

அன்றைய அழுத்தத்தையும் பக்கத்தில் எழுதிவைக்காத அறிக்கையால் பெரிய பயன் இல்லை. அழுத்தம் ஏறினால் சுமை எலாஸ்டினிலிருந்து கொலாஜனுக்கு மாறி வேகம் தானாகவே கூடும். மாத்திரையால் அழுத்தம் இறங்கியதும் வேகமும் குறைந்தால், தமனி சீராகிவிட்டது என்று அர்த்தமில்லை.

கருவி கிடைக்காவிட்டால் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழியுங்கள். வயதானவருக்கு 160/70 என்றால் வித்தியாசம் 90. அறுபதைத் தொட்டாலே விறைப்பைச் சந்தேகிக்கலாம். இங்கே கீழ் எண் குறைவாக இருப்பது நல்ல செய்தி அல்ல. இதயத் தசைக்கு ரத்தம் முக்கியமாகப் பாய்வது இதயம் தளரும் நேரத்தில், அதாவது கீழ் எண் காட்டும் நேரத்தில்தான்.

மாத்திரைப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். அட்டெனலால் போன்ற பழைய பீட்டா பிளாக்கர்கள் (இதயத் துடிப்பைத் தணித்து அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகள்) டிரைகிளிசரைடைக் கொஞ்சம் ஏற்றி, எச்.டி.எல்.லைக் கொஞ்சம் இறக்கும். கையில் அளக்கும் அழுத்தத்தை நன்றாகக் குறைத்தாலும், இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியில் அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம். மாற்றுவதை மருத்துவர் படிப்படியாகத்தான் செய்வார்.