இன்ஃபோ ஐடில தேங்கின 1,40,000 மெயில்: ஸ்பாம் பிரிக்கப் போய் பட்ட பாடு

நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் கடைசி ஃபோல்டர் முடிஞ்சுது. பத்து நாளா இதே வேலை, கண்ணை மூடினா ஸ்கோர் நம்பர்தான் ஓடுது. இதே மாதிரி யாராவது மாட்டிக்கிட்டா ஒரு ரெண்டு நாளாவது மிச்சமாகட்டும்னு, சூடு ஆறறதுக்குள்ள எழுதிடறேன்.

திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு சர்வர் பாத்துக்கறேன். டெபியன் லினக்ஸ், மெயிலை வாங்கி அனுப்பற போஸ்ட்ஃபிக்ஸ், வந்ததைத் திறந்து காட்டற டோவ்காட், ஒவ்வொரு மெயிலுக்கும் ஸ்கோர் போட்டு லிமிட்டைத் தாண்டினா ஸ்பாம்னு சொல்ற ஸ்பாம்அசாசின், வழக்கமான செட்டப்தான். எனக்கு முன்னாடி பாத்தவர் டொமைன் மொத்தத்துக்கும் கேட்ச்-ஆல் போட்டு, எந்தப் பேருக்கு மெயில் வந்தாலும் இன்ஃபோ ஐடில விழற மாதிரி வச்சுட்டுப் போயிருந்தார். அது போதாதுன்னு டெபியன் 11ல இருந்து 12க்கு ஏத்தினப்ப, பின்னாடி ஓடிட்டே ஸ்கோர் போடற, ஸ்பாம்அசாசின்னு இருந்த சர்வீஸ் பேரே ஸ்பாம்டின்னு மாறிப்போச்சு, புது சர்வீஸை யாரும் எனேபிள் பண்ணல. இதுல கொடுமை என்னன்னா, ஸ்பாம்டி ஓடலன்னாலும் மெயில் நிக்காது. மெயிலை ஸ்பாம்டிகிட்ட கொண்டு போய்க் காட்டற ஸ்பாம்சிங்கற ப்ரோக்ராம் கை வைக்காம அப்படியே உள்ள விட்டுரும். லாக்ல மட்டும் கனெக்‌ஷன் கிடைக்கலன்னு ஒரு வரி விழும். அந்த வரியை எட்டு மாசம் யாரும் பாக்கல.

மொதலாளி ஃபோன் பண்ணித்தான் தெரிஞ்சுது. "தம்பி, ஜெர்மனி பையர் பிஓ அனுப்பி பதினஞ்சு நாளாச்சுங்கறாங்க, நம்ம மெர்ச்சண்டைசர் வரவே இல்லைங்கறாரு. என்னன்னு கொஞ்சம் பாருங்க." பிஓன்னா பர்சேஸ் ஆர்டர், மெர்ச்சண்டைசர்னா பையர் ஆர்டரைப் பாத்துக்கறவர். திறந்து பாத்தா இன்பாக்ஸ்ல பழசும் புதுசுமா 1,40,000 மெயில். வெப்மெயில் திறக்கவே மூணு நிமிஷம்.

ஹோஸ்டிங் கம்பெனி சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன், மூணு நாள் பதிலே இல்ல. நாலாவது நாள் ஃபோன்ல ஒருத்தர், "சார், பேசாம அந்த ஐடியை டெலீட் பண்ணிட்டு புதுசா கிரியேட் பண்ணிக்கங்க, ஈஸி"ங்கறார். எனக்கு வந்துச்சே கோவம். அதுக்குள்ளதான் பிஓ இருக்கு, டிசைன், அளவு எல்லாம் இருக்கற டெக் பேக் இருக்கு, சாயக் கலர் சாம்பிளுக்கு ஓகே சொன்ன லேப் டிப் அப்ரூவல் இருக்கு. இந்த மாதிரி யோசனை யார் சொன்னாலும் கேக்காதீங்க. நூறு குப்பை உள்ள கிடந்தா ஒண்ணும் ஆகாது, ஒரு நல்ல மெயில் போச்சுன்னா ஒரு சீசன் ஆர்டரே போச்சு.

ஆர்சிங்க்ங்கற காப்பி கமாண்ட் போட்டு மொத்த மெயில்டைரையும் (ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல்னு வச்சிருக்கற ஃபோல்டர்) வேற டிஸ்க்குக்கு காப்பி எடுத்தேன். இந்த ஒண்ணை மட்டும் சரியா பண்ணதாலதான் இன்னிக்கு நிம்மதியா எழுதிட்டு இருக்கேன்.

ஏன்னா அடுத்து பண்ணது பெரிய தப்பு. ஒவ்வொரு ஃபைலையும் ஸ்பாம்சில விட்டு, ஸ்கோர் எழுதின ஹெடர் வரிகள் மேல சேர்ந்து வர்ற மெயிலை அதே பேர்ல திருப்பி எழுதற மாதிரி ஸ்க்ரிப்ட் போட்டேன். காலைல அக்கவுண்ட்ஸ் அக்கா கூப்பிட்டு, "ஏப்பா, எல்லா மெயிலும் இன்னைக்கு தேதி காட்டுது, ஏப்ரல் இன்வாய்ஸ் எங்க போச்சு?"னு கேட்டாங்க. மெயில்டைர்ல ஃபைல் மாறின நேரத்தைத்தான் டோவ்காட் வந்த தேதியா எடுத்துக்கும், நான் திருப்பி எழுதினதுல எல்லாமே இன்னைக்கு வந்த மெயிலா ஆயிடுச்சு. இன்னொண்ணு, ஃபைல் பேர்லயே 'எஸ்=' போட்டு சைஸ் எழுதியிருக்கும். உள்ள நாலு வரி ஹெடர் ஏறினா அந்த சைஸ் பொருந்தாது, லாக் முழுக்க சைஸ் தப்புன்னு எர்ரர், பல மெயில் ஃபோன்ல திறக்கவே இல்ல. மொத்தத்தையும் பேக்கப்ல இருந்து திருப்பிப் போட்டேன், ஒரு நாள் முழுசா காலி. பழைய மெயிலை உள்ள தொடாதீங்க. ஸ்கோரை மட்டும் வாங்கி தனி லிஸ்ட்ல எழுதிக்கங்க, ஃபைல் அப்படியே இருக்கட்டும்.

சரின்னு ஸ்பாம்சியை செக் மட்டும் பண்ற ஆப்ஷன்ல ஓட விட்டேன். ராத்திரி முழுக்க ஓடுச்சு, காலைல பாத்தா பத்துல ஒம்பது மெயில் நல்ல மெயிலாம்! கொஞ்ச நேரம் சந்தோஷமா கூட இருந்துச்சு. அப்புறம் லிஸ்டை கீழ இழுத்தா, ஒரு இடத்துக்கு அப்புறம் ஸ்கோர்/லிமிட் வர வேண்டிய இடத்துல வரிசையா 0/0, 0/0, 0/0. ராத்திரி ஒரு மணிக்கு மெமரி பத்தாம ஸ்பாம்டி செத்துருக்கு. ஸ்பாம்சி ஃபெயில் ஆனா 0/0ன்னு போட்டுட்டு முடியறப்ப குடுக்கற எக்ஸிட் கோடையும் 0ன்னு குடுக்கும், அதாவது ஸ்பாம் இல்லன்னு. எட்டு மாசம் எங்களை ஏமாத்தின அதே பழக்கம். அதனால எக்ஸிட் கோடை நம்பாதீங்க, பிரிண்ட் ஆகற ஸ்கோரைப் பாருங்க, 0/0 வந்தா அதைத் தனியா ஒதுக்குங்க. 500 கேபிக்கு மேல இருக்கற மெயிலையும் ஸ்பாம்சி டீஃபால்ட்டா ஸ்பாம்டிக்கு அனுப்பாது, எங்க டெக் பேக் பிடிஎஃப் எல்லாம் அதுக்கு மேலதான், லிமிட்டை ஏத்தித் திரும்ப ஓட்டினேன்.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது டொமைன் பேரை வச்சு நெட்ல விவரம் கேக்கறது. ஸ்பாம் அனுப்பறவங்க பிளாக்லிஸ்ட்டை ஸ்பாம்அசாசின் இது வழியாத்தான் கேக்கும். ஒரு மெயிலுக்கு ரெண்டு செகண்ட் எடுத்துச்சு, 1,40,000க்கு கணக்குப் போட்டா மூணு நாளுக்கு மேல ஆகும். ரிப்போர்ட்டைப் பாத்தா ஒவ்வொண்ணுலயும் யூஆர்ஐபிஎல்_பிளாக்டுன்னு வருது, அதாவது பிளாக்லிஸ்ட் நம்ம கேள்வியைத் தடுத்துருச்சுன்னு. சர்வரோட ரிசால்வரா (டிஎன்எஸ் கேள்வியைக் கேட்டுச் சொல்றது) கூகுளோட 8.8.8.8 போட்டிருந்தாங்க, பப்ளிக் ரிசால்வர் வழியா வர்ற கேள்விக்கு இந்த பிளாக்லிஸ்ட் எல்லாம் பதில் சொல்லாது. ஸ்பாம்ஹாஸ்ங்கற பிளாக்லிஸ்ட்ல கேட்டா 127.255.255.254ன்னு ஒரு எர்ரர் கோடு வரும், அதை லிஸ்ட்ல இருக்குன்னு தப்பா எடுத்துக்கற மாதிரி போஸ்ட்ஃபிக்ஸ்ல எழுதி வச்சிருந்தா நல்ல மெயில் மொத்தமும் திரும்பிப் போயிரும். அன்பவுண்ட்ங்கற ப்ரோக்ராமைப் போட்டு சர்வர்லயே ரிசால்வர் வச்சேன், புதுசா வர்ற மெயிலுக்கு பிரச்சினை தீந்துச்சு.

ஆனா பழைய மெயிலுக்கு அதுவும் தேவையில்லைன்னு அப்புறம்தான் உறைச்சுது. ஆறு மாசம் முன்னாடி ஸ்பாம் அனுப்பின ஐபி இன்னிக்கு சுத்தமாகி இருக்கும், அன்னிக்கு நல்லா இருந்த ஐபி இன்னிக்கு லிஸ்ட்ல இருக்கும். அனுப்பின டொமைன் நிஜமான்னு காட்டற டிகிம் கையெழுத்தோட கீயை மாத்தியிருப்பாங்க, அன்னிக்கு சரியா இருந்த கையெழுத்து இன்னிக்கு செல்லாதுன்னு வரும். அதனால தேங்கின மெயிலுக்கு நெட்வொர்க் டெஸ்ட்டை அணைச்சுட்டு லோக்கல் ரூல், பேய்ஸ் (நாம காட்டற மெயிலைப் பாத்து ஸ்பாம் எதுன்னு கத்துக்கறது) ரெண்டை மட்டும் வச்சு ஓட்டினேன். ஒரே ராத்திரில முடிஞ்சுது.

பேய்ஸுக்கு கையால 400 ஸ்பாம், 400 நல்ல மெயில் பொறுக்கி சொல்லிக் குடுத்தேன் (ரெண்டுலயும் 200 தாண்டினாத்தான் அது வேலையே ஆரம்பிக்கும்). அப்படியும் ரிப்போர்ட்ல பேய்ஸ்னு ஒரு வரி கூட வரல. நான் ரூட்டா, அதாவது அட்மின் யூசரா, ட்ரெயின் பண்ணதால அது ரூட்டோட ஹோம்ல போய் உக்காந்துக்கிச்சு, ஸ்பாம்டி வேற யூசர்ல ஓடுது, அதுக்கு ஒண்ணுமே தெரியல. ஸ்பாம்டி எந்த யூசரோ அதே யூசர்லதான் ட்ரெயின் பண்ணணும், பண்ணிட்டு எஸ்ஏ-லேர்ன் (பேய்ஸை ட்ரெயின் பண்ற கமாண்ட்) டம்ப்ல எத்தனை ஸ்பாம், எத்தனை ஹாம் (நல்ல மெயில்) ஏறியிருக்குன்னு பாத்துடுங்க.

மனசு கஷ்டப்பட்டது ஒரு இடத்துல. சாயப்பட்டறைல இருந்து ஒருத்தர் தமிழ்லதான் எழுதுவார், "ஐயா வணக்கம், நேவி கலர் லாட் ரெடி, வண்டி அனுப்பவும்"னு. அவர் மெயில் அத்தனையும் ஸ்பாம் லிஸ்ட்ல. திறந்து பாத்தா ஸ்கோர் 5.3, லிமிட் 5. அதுல 2.8 எதுக்குன்னா, வேண்டாத மொழில இருக்காம். முந்தின ஆள் கான்ஃபிக்ல ஏத்துக்கற மொழின்னு இங்கிலீஷை மட்டும் போட்டிருக்கார். திருப்பூர்ல இருக்கற கம்பெனில தமிழ் வேண்டாத மொழியா? அந்த வரியை மொதல்ல தூக்கினேன். தமிழ்ல மெயில் வர்ற இடத்துல சர்வர் வச்சிருக்கறவங்க இன்னிக்கே கான்ஃபிக்கைத் திறந்து பாருங்க.

நிஜமா கை குடுத்தது சென்ட் ஃபோல்டர்தான். நாம யாருக்கெல்லாம் மெயில் அனுப்பியிருக்கோமோ அந்த டொமைன் லிஸ்டை எடுத்து, அங்க இருந்து வந்ததை எல்லாம் ஸ்கோர் பாக்காம நல்லதுன்னு ஒதுக்கினேன். முழு அட்ரஸை வச்சு பாக்காதீங்க, டொமைனை வச்சு பாருங்க. ஜிமெயில் மாதிரி பொது டொமைனுக்கு மட்டும் முழு அட்ரஸ். நம்ம சொந்த டொமைனை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க, நம்ம பேர்லயே நமக்கு ஸ்பாம் அனுப்பறவன் நிறைய.

ஜெர்மனி பிஓ அப்படித்தான் கிடைச்சுது. ஸ்கோர்ல அது ஸ்பாம். "கைண்ட்லி ஃபைண்ட் அட்டாச்டு பர்சேஸ் ஆர்டர்"னு சப்ஜெக்ட், அதுக்கு மேல கீழ வைரஸ் மெயில் நாப்பது, எல்லாத்துலயும் இதே சப்ஜெக்ட். பையர் ஆபீஸ்ல புதுசா சேந்த அம்மா புது அட்ரஸ்ல இருந்து அனுப்பியிருக்காங்க, டொமைன் பொருந்தினதால தப்பிச்சுது.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. சைனால ஜிப்பர், பட்டன் வாங்கற சப்ளையர் பேர்ல, பேங்க் அக்கவுண்ட் மாத்திட்டோம், இனி இதுல பணம் போடுங்கன்னு ஒரு மெயில். ஸ்கோர் வெறும் 1.2, சுத்தமான மெயில்னு ஃபில்டர் விட்டுருச்சு. எங்க டொமைன் லிஸ்ட்ல அது இல்லாததாலதான் கண்ல பட்டுச்சு. உத்துப் பாத்தா எம் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல ஆர், என் ரெண்டையும் ஒட்டி வச்சிருக்கான். அக்காகிட்ட காமிச்சேன், கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பாத்தாங்க. அடுத்த வாரம் அந்த சப்ளையருக்குத்தான் அட்வான்ஸ் போக வேண்டியிருந்துச்சு. ஃபோன் பண்ணிக் கேக்காம யாருக்கும் அக்கவுண்ட் மாத்தாதீங்கக்கான்னு சொல்லிட்டு வந்தேன்.

பிரிச்சதை ஃபோல்டர் மாத்தறது சுலபம்தான், ஒரே எம்வி கமாண்ட்ல எல்லாத்தையும் போட்டா லிஸ்ட் நீளம்னு கத்தும், ஃபைண்ட் கமாண்ட் வச்சு கொஞ்சம் கொஞ்சமா நகத்துங்க, புது ஃபோல்டரை மட்டும் ரூட்டா உருவாக்காதீங்க, டோவ்காட்டால திறக்க முடியாது.

கேட்ச்-ஆலை மூடறதுக்கு முன்னாடி மெயில் நிஜமா எந்த அட்ரஸுக்கு வந்துச்சுன்னு சொல்ற எக்ஸ்-ஒரிஜினல்-டூ ஹெடரை எண்ணிப் பாத்தது நல்லதாப் போச்சு. எக்ஸ்போர்ட்ங்கறதுல ரெண்டு எழுத்து இடம் மாறின ஒரு அட்ரஸுக்கு நிஜ பையர் மெயில் நூத்துக்கு மேல வந்திருக்கு. மொதலாளியோட பழைய விசிட்டிங் கார்டுல அப்படித்தான் அச்சடிச்சிருக்காங்க! அதை அலையஸா (மாத்துப் பேரா) வச்சுட்டு மத்ததை மூடினேன்.

கடைசி கணக்கு: ஜங்க்குக்கு 1,12,000, நல்லது 21,000, மீதி 7,000 நானும் மெர்ச்சண்டைசரும் அக்காவும் உக்காந்து கண்ணால பாத்தது. ஜங்க்கை மூணு மாசம் அழிக்கப் போறதில்ல, பேக்கப் டிஸ்க் பீரோல இருக்கு. பிஓவுக்கு பையர் பத்து நாள் டைம் தள்ளிக் குடுத்துட்டாங்க.

ஸ்பாம்டி மறுபடி சத்தமில்லாம நின்னுடக் கூடாதுன்னு, தினம் காலைல வெளி ஐடில இருந்து ஒரு ஜிட்யூப் டெஸ்ட் மெயில் (ஸ்பாம்னு கட்டாயம் மாட்ட வேண்டிய சோதனை மெயில்) வர்ற மாதிரி கிரான் (நேரத்துக்குத் தானா ஓடற வேலை) போட்டிருக்கேன், அது ஜங்க்ல விழலன்னா எனக்கு எஸ்எம்எஸ் வரும். இன்னிக்கு 7 மணிக்கு வந்தது 1000 ஸ்கோரோட ஜங்க்ல கிடக்கு.