அறியா வினா

பணி ஓய்வுக்குப் பிறகு, மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வீட்டுப்பாட நோட்டுகளுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் வேறிடம் போகிறார்கள். தமிழ் இலக்கணம், உரைப்பத்தி வினாக்கள், சமூக அறிவியல் ஆகியவை என் பங்கு. முப்பது ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தபோது கவனிக்க நேரமில்லாமல் போன சிலவற்றை இந்தத் திண்ணையில்தான் நின்று பார்க்கிறேன்.

வினா ஆறு வகைப்படும் என்று நன்னூல் சொல்வதைப் பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். விடை தெரிந்தவர், அது பிறருக்குத் தெரியுமா என அறியக் கேட்பது அறிவினா. தெரியாதவர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது அறியா வினா. ‘இக்கவிதையின் பொருள் யாது?’ என்பதை ஆசிரியர் கேட்டால் முதல் வகை, மாணவர் கேட்டால் இரண்டாம் வகை. சொற்களில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. கேட்பவர் மாறியதும் வினாவே மாறிவிடுகிறது. வீட்டுப்பாடமாக வருபவை எல்லாம் அறிவினாக்களே. விடை கேட்டவருக்கும் தெரியும், நோட்ஸிலும் இருக்கிறது, இப்போது கைப்பேசியில் படம் பிடித்தால் அதுவும் சொல்லிவிடுகிறது. ஆகவே பிள்ளைக்கு அந்த விடை தேவைப்படுவதே இல்லை. நோட்டில் அது எழுதப்பட்டிருப்பதுதான் தேவை. அந்த அறிவினாவைப் பிள்ளையின் சொந்த அறியா வினாவாக மாற்றித் தர முடிந்த நாள்களில் மட்டுமே நான் உதவியதாகக் கருதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் வரிசை பிசகாமல் ஒப்பிப்பாள். ஆனால் சொந்தமாக நான்கு வரி எழுதச் சொன்னால், ஒற்றுகளைக் கைபோன போக்கில் தூவிவிடுவாள். நான் விதியைத் திரும்பக் கேட்கவில்லை. ‘முதலாளி அவனுக்கு வேலை கொடுத்தார்’, ‘அன்னை முருகனுக்கு வேலைக் கொடுத்தாள்’ என்று இரண்டு தொடர்களை எழுதி அவள் முன் வைத்தேன். முதலில் எழுத்துப்பிழை என்றாள். பிறகு வாய்க்குள் இரண்டு முறை படித்துப் பார்த்தாள். “டீச்சர், ரெண்டாவது வேல்!” என்று அவள் நிமிர்ந்தபோது, இரண்டாம் வேற்றுமை உருபு எது, அது வெளிப்பட்டு வரும்போது வல்லினம் ஏன் மிகுகிறது என்பதை விளக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் தொடரில் ‘ஐ’ அந்தச் சொல்லின் உறுப்பு. இரண்டாவதில் அது வந்து சேர்ந்த உருபு. ஐயம் வந்தால் இன்னோர் ‘ஐ’ சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். ‘வேலையைக் கொடுத்தார்’ என்றால் பணி. வேலாயுதத்துக்கு அப்படி இன்னொன்று சேராது. மறுநாள் அவளே ‘கடலை பார்த்தேன், கடலைப் பார்த்தேன்’ என்று எழுதிக்கொண்டு வந்து, முதலாவதில் வேர்க்கடலையையும் இரண்டாவதில் அலைகளையும் வரைந்து காட்டினாள். ஒரு ‘ப்’ நிலக்கடலையைச் சமுத்திரமாக்கும் என்பதைக் கண்ணால் கண்டவளுக்கு ஒற்று இனி அலங்காரப் பொருள் ஆகாது.

வினைத்தொகைக்கு இவ்வளவு பாடு இல்லை. சமையலறையில் இருக்கும் ஊறுகாய் ஜாடியைக் காட்டி, ஊறிய காயா, ஊறுகின்ற காயா, ஊறும் காயா என்று கேட்டால் போதும். மூன்று காலமும் அதற்குள் அடங்கியிருப்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் கண்டுகொள்கிறது.

உரைப்பத்திதான் கடினமானது. பெரும்பாலான பிள்ளைகள் பத்தியைப் படிப்பதே இல்லை. வினாவில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடி, அகப்பட்ட வாக்கியத்தை முழுவதுமாகப் பெயர்த்து எழுதிவிடுகிறார்கள். வினா ‘எப்போது’ என்று கேட்டால் இது பலிக்கும். ‘ஏன்’ என்று கேட்டால் பலிக்காது. சில வாரங்களுக்கு முன் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். நாங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்கிறோம். எங்கள் வயல்களில் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரால்தான். பொங்கலை ஒட்டி, ஜனவரி 15 அன்று, அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் பிறந்தநாளுக்கு இங்கே மாலையிடாத ஊர் குறைவு. ‘அணை ஏன் கட்டப்பட்டது?’ என்ற வினாவுக்கு அவன் எழுதிய விடை: ‘அணை 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது.’ ‘அணை’யும் ‘கட்டி’யும் அந்த வாக்கியத்தில்தான் இருந்தன. காரணமோ மூன்று வரிகளுக்கு முன்னால், ‘ஏனெனில்’ என்ற அடையாளம் ஏதும் இல்லாமல் கிடந்தது: மழை பொய்த்தால் பஞ்சம், மலைக்கு அப்பால் ஓர் ஆறு மேற்கே ஓடிக் கடலில் கலக்கிறது.

இப்படி அடையாளம் இல்லாமல் கிடக்கும் காரணத்தை எடுக்கப் பழக்குவதற்கு நான் கையாளும் வழி ஒன்றுதான். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தன் பாட்டிக்குச் சொல்வதுபோல என்னிடம் சொல்லச் சொல்வேன். பாட்டிக்குச் சொல்லும்போது பிள்ளைகள் ஆண்டைச் சொல்வதில்லை, ‘அதனால’ என்று சொல்கிறார்கள். அந்த ‘அதனால’வைப் பிடித்துக்கொண்டால் விடை வந்துவிடும்.

வரலாற்றுக்கும் இதுவே பொருந்தும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயருக்கு எதிராக இந்தியச் சிப்பாய்கள் நடத்திய வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களைப் பிள்ளைகள் ஐந்து பாயிண்டாகக் கற்கிறார்கள். நான்காவது பாயிண்ட் மறந்தால் ஐந்தாவதும் போய்விடும். நெற்றியில் சமயக் குறி கூடாது, காதணி கூடாது, விலங்குத் தோலால் ஆன சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற ஆணைகளை ஒவ்வொன்றாகப் படித்து, ‘இவற்றுள் எதை உனக்குச் சொன்னால் நீ மறுப்பாய்?’ என்று கேட்டேன். திண்ணையில் பெரும் வாதம் எழுந்தது. ஆங்கிலேயருடன் போரிட்டு மாண்ட மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் பிள்ளைகள் அப்போது அதே கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள் என்று நான் இடையில் சொன்னதும், தலைப்பாகை மட்டுமே காரணமாக இருந்திருக்குமா என்று அவர்களே கேட்டார்கள். உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம் என்ற சொற்களை அதன் பிறகே அறிமுகப்படுத்தினேன்.

இவ்வாறு செய்வதற்கு நேரம் பிடிக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஒரு தாய், “விடையைச் சொல்லி எழுத வச்சு அனுப்புங்க டீச்சர், காலையில அவனுக்கு ஸ்கூல்ல அடி விழுது” என்று கண் கலங்கியபோது, அன்று நான் விடையைச் சொல்லித்தான் எழுத வைத்தேன். பயந்த பிள்ளைக்கு எதுவும் ஏறாது. ஆனால் மறுநாள் மாலை அந்த நோட்டைத் திரும்ப எடுத்து வரச் சொன்னேன்.

அணையைப் பற்றி எழுதிய பையன் தன் விடையைத் திருத்தி எழுதினான். மேற்கே ஓடிய ஆற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகத் தண்ணீரைக் கிழக்கே திருப்பி, வைகையோடு சேர்த்தார்கள் என்று தன் சொற்களில் எழுதி முடித்தவன், நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தான். “அப்ப அந்தப் பக்கம் ஓடின ஆத்துக்கு என்ன ஆச்சு டீச்சர்?” என்றான். அது என் பத்தியிலும் இல்லை, எந்த நோட்ஸிலும் இல்லை. நிலப்பட நூலை எடுத்துக் கொடுத்தேன். பெரியாற்றின் நீலக்கோட்டின்மேல் விரலை வைத்து மேற்கே நகர்த்திக்கொண்டே போனவன், இடுக்கியில் இன்னோர் அணையைக் கண்டு நின்றான். எட்டரை மணிக்கு அவன் அக்கா வந்து கூப்பிட்டபோது, அவன் விரல் அங்கிருந்து கிளம்பிக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.