வாட்ஸப் ஓடும், மற்றது ஓடாது

"படம் தெரியுது, பாட்டு வரலியே தம்பி" என்று போனை நீட்டினார் ஆண்ட்டி.

தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த், கோயில் தமிழ் வகுப்பு. வாட்ஸப் குழுவில் நான் அனுப்பிய தேவாரக் காணொளி இணைப்பின் சின்னப் படம் மட்டும் தெரிகிறது. தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

போனில் கோளாறு இல்லை. அவர் போட்டிருப்பது வாட்ஸப்புக்கு மட்டும் ஓடும் மலிவு டேட்டா பேக். அதைத் தாண்டினால் தனிக் காசு.

மலிவாகக் கிடைக்கிறதே, நல்லதுதானே என்பார்கள். மலிவுதான். ஆனால் எது மலிவு என்று முடிவு செய்தது ஆண்ட்டி இல்லை, கம்பெனி. பணம் உள்ளவர் வீட்டுக்கு ஃபைபர் இழுத்து எதையும் பார்க்கிறார். இல்லாதவருக்கு அவர்கள் பொறுக்கிக் கொடுத்த ஒன்றிரண்டு செயலிகள்தான் மொத்த இணையமும்.

இந்தியாவில் 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைத் தடுத்தது. எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது என்றது. பொறுக்கியெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் அங்கே அதோடு மூட்டை கட்டியது. (இதை ஃபேஸ்புக்கிலேயே எழுதுகிறேன், சரி.)

இங்கே தென்னாப்பிரிக்காவில் அப்படித் தடை இல்லை. அதே 2016இல் நாம் 'டேட்டா மஸ்ட் ஃபால்', டேட்டா விலை இறங்கியே ஆகவேண்டும் என்று சத்தம் போட்டோம். சின்னச் சின்னப் பேக்காக வாங்கும் ஏழைகள்தான் ஒரு எம்பி டேட்டாவுக்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்று 2019 டிசம்பரில் கம்பெனிகளின் போட்டியைக் கண்காணிக்கும் அரசின் போட்டி ஆணையமே அறிக்கை கொடுத்தது. அடுத்த வருடம் பெரிய கம்பெனிகள் விலையைக் குறைத்தன.

விலை இறங்கியது. எந்தச் செயலி மலிவாக ஓடலாம் என்று சொல்லும் அதிகாரத்தைப் பற்றி அப்போது நாம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.