நாலு ரூபாய் வட்டியிலிருந்து எழுபது பைசா வட்டி வரை

2022 பொங்கல் முடிந்த மறுவாரம். தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு எங்கள் கடன்களை எழுத உட்கார்ந்தேன். ஒரு தாள் போதும் என்று நினைத்தேன். போகித் தாள், பொங்கல் தாள், மாட்டுப் பொங்கல் தாள் என்று மூன்று ஆனது.

வீட்டுக் கடன் 14,86,000. மாமாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2020 நவம்பரில் வாங்கிய பர்சனல் லோனில் மீதி இரண்டரை லட்சம். கிரெடிட் கார்டு 1,18,000. தெரிந்தவர் ஒருவரிடம் புரோநோட் எழுதிக் கொடுத்து வாங்கியது 80,000. ஏழரைப் பவுன் நகை பேங்கில், அதன் மேல் 1,90,000. ஈரோட்டுப் பக்கம் ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் என் வீட்டுக்காரருக்குச் சம்பளம் 34,000. பள்ளிக்கூட ஆபீஸில் எனக்கு 14,000. இந்த 48,000-ல் தவணை, வட்டி, சீட்டு என்று 32,342 முதல் வாரத்திலேயே போய்விடும். நகை வட்டி தனி, அது வருஷத்துக்கு ஒரு தடவை வந்து வாசலில் நிற்கும். மீதி 15,658-ல் மளிகை, பால், பெட்ரோல், பிள்ளையின் ஃபீஸ். மாதக் கடைசியில் கார்டைத் தேய்க்காமல் எப்படி ஓடும்?

நான் மொத்தத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். அத்தை, என் மாமியார், பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "எவ்வளவுங்கறது கெடக்கட்டும் கண்ணு. ஒவ்வொண்ணும் என்ன வட்டி?"

அத்தை மாடு வைத்துப் பால் ஊற்றிய காலத்தில், அந்தக் காசை அக்கம்பக்கத்தில் கொடுத்து வாங்கியவர். வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்றால் அவருக்கு ஏறாது. நூறு ரூபாய்க்கு மாதம் என்ன வட்டி, அதுதான் அவர் கணக்கு. சரி என்று எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்தேன். வீட்டுக் கடன் அப்போது 6.85 சதவீதம், அதாவது ஐம்பத்தேழு பைசா வட்டி. நகைக் கடன் 9 சதவீதம், முக்கால் ரூபாய். பர்சனல் லோன் 16 சதவீதம், ஒரு ரூபாய் முப்பத்து மூன்று பைசா. புரோநோட்டு ரெண்டு ரூபாய் வட்டி. கார்டு மாதம் மூன்றரை ரூபாய், அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் நாலு ரூபாய் பதின்மூன்று பைசா.

அத்தை வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டார். "நாலு ரூபா வட்டியா? ஊருக்குள்ள இந்த வட்டிக்கு விட்டா போலீசு வந்துருமேம்மா!"

அதுவரை நாங்கள் நடந்துகொண்டது நேர்மாறாக. புரோநோட்டுக்காரரை டீக்கடையில் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் அவருக்கு மாதம் 1,600 வட்டி தேதி தவறாமல் போகும். கார்டுக்கு முகம் கிடையாது. அதனால் "மினிமம் டியூ" 5,900 மட்டும் கட்டிவிட்டு, கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். 1,18,000-க்கு மாத வட்டி 4,130, ஜிஎஸ்டி 743. 5,900 கட்டினால் கடன் குறைவது 1,027 ரூபாய். அந்த மாதமே 2,000 ரூபாய்க்கு மளிகை தேய்த்தால் கதை முடிந்தது.

சீட்டைத் தள்ளி எடுத்து கார்டை அடைக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். 2 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 40 மாதம், நாங்கள் பதின்மூன்றாவது மாதத்தில் இருந்தோம். அந்தச் சமயத்தில் ஏலம் 50,000, 60,000 தள்ளித்தான் போய்க்கொண்டிருந்தது, அதாவது அவ்வளவையும் கழித்துக்கொண்டுதான் மீதி கைக்கு வரும். எனக்கு மனசு வரவில்லை. இதற்குள் வசூல் ஏஜென்ட் என்று ஒருவர் போனில் வந்தார். "மேடம், 70,000 கட்டுங்க, செட்டில்மென்ட் பண்ணி முடிச்சிடலாம்." கேட்க இனிப்பாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் சார்தான் எச்சரித்தார். அப்படி முடித்தால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்று ஏறும், முழுசாக அடைத்த மாதிரி ஆகாது, அப்புறம் எந்த பேங்கில் போய் நின்றாலும் அது முன்னால் வந்து நிற்கும் என்றார்.

இரண்டு நாள் கழித்து அத்தை தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். ஐந்து பவுன், மாமா போட்டது. "முக்கா ரூபா வட்டிக்கு வாங்கி நாலு ரூபா வட்டிய அடைக்கறதுக்கு என்ன யோசனை?"

பேங்கில் மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் ஒரு இழு இழுத்தார், மேலே ஒரு சொட்டு ஆசிட் விட்டார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கொக்கி ஒரு தடவை அறுந்து பற்றவைத்தது. அந்த இடத்தை மட்டும் விரலால் இரண்டு முறை தடவினார். எனக்கு அது என்னவோ போலிருந்தது. 1,20,000 கொடுத்தார்கள். அன்று மதியமே கார்டை அடைத்து, கத்தரிக்கோலால் நறுக்கினேன்.

அடுத்த மாதம் அதே கார்டுக்கு மறுபடி ஒரு பில். முழுசாகக் கட்டிய பிறகும், முந்தின பில் தேதியிலிருந்து நான் கட்டிய நாள் வரைக்குமான வட்டி. தெரியாமல் விட்டிருந்தால் அதற்கு லேட் ஃபீஸ், அதற்கு வட்டி என்று குட்டி போட்டிருக்கும். கட்டிவிட்டு, கார்டை மூடச் சொல்லி, பாக்கியில்லை என்று கடிதம் வாங்கும்வரை விடவில்லை. கார்டை நறுக்குவதால் கணக்கு மூடாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கார்டு போனதில் மிச்சமான 5,900-ஐ வீட்டுச் செலவு விழுங்காமல் காப்பதுதான் பெரிய பாடு. சம்பளம் வந்த அன்றே அதில் 4,000 வேறு கணக்குக்குப் போய்விடும். எட்டு மாதத்தில் 32,000. தீபாவளி போனஸ் 34,000. சீசனில் ராத்திரி ராத்திரியாக ஜாக்கெட் தைத்ததில் 14,000. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் புரோநோட்டை வாங்கி அந்தத் தெருவிலேயே கிழித்தோம். ஆக, 2022 முடியும்போது எங்களிடம் ரெண்டு ரூபாய் வட்டியும் இல்லை, நாலு ரூபாய் வட்டியும் இல்லை.

எதிர்காலத்துக்கு என்று ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் இதற்கு நடுவிலேயே வந்துவிட்டது. "கடன் முடியட்டும், அப்புறம் சேர்க்கலாம்" என்பதுதான் எங்கள் இருவருக்கும் வாய்ப்பாடம். ஆனால் சில கதவுகள் காத்திருக்காது. செல்வமகள் திட்டத்தில் பெண் குழந்தைக்குப் பத்து வயது முடிவதற்குள் கணக்கு தொடங்க வேண்டும். எங்கள் மகளுக்கு அப்போது எட்டு. ரெண்டு ரூபாய் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறவள் 7.6 சதவீதத்தில் பணம் போடுவது கிறுக்குத்தனம். அதனால் போஸ்ட் ஆபீஸில் 250 ரூபாய் மட்டும் கட்டிக் கணக்கைத் திறந்தேன். வருஷத்துக்குக் குறைந்தது 250 போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். மாதம் ஆயிரம் போட ஆரம்பித்தது 2024-ல், வட்டி 8.2 ஆன பிறகு.

இரண்டாவது என் வீட்டுக்காரருடைய உயிர். சொல்ல நன்றாக இல்லை, ஆனால் 15 லட்சம் வீட்டுக் கடன் அவர் பெயரில் இருக்கிறது. பேங்க் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு, 20 ரூபாயில் விபத்துக் காப்பீடு, இரண்டும் பிரதமர் பெயரில் இருக்கிற திட்டங்கள். முதலில் அவற்றுக்குக் கையெழுத்துப் போட்டோம். புரோநோட்டு முடிந்ததும் 50 லட்சத்துக்கு டெர்ம் இன்ஷூரன்ஸ். "பணமே திரும்ப வராதா?" என்று அவர் முகம் சுளித்தார். வராமல் இருப்பதுதானே நமக்கு நல்லது என்றேன். எங்கள் மூவருக்கும் மருத்துவக் காப்பீடும் எடுத்தோம். அத்தைக்குச் சர்க்கரையும் வயசும் சேர்ந்து பிரீமியம் கட்டுப்படியாகவில்லை. அவருக்காக போஸ்ட் ஆபீஸில் மாதம் 2,000 ஆர்டி போட்டேன். பர்சனல் லோன் எதனால் வந்தது என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனை அடைக்கச் சொல்லி மில்லில் பாதிப் பேர் அவருக்கு யோசனை சொன்னார்கள். அதைத் தொடவில்லை. பழைய கம்பெனியில் கிடந்த கணக்கை இப்போதைய கணக்கோடு சேர்க்க மட்டும் ஆறு மாதம் அலைந்தோம். அவருடைய அப்பா பெயரில் ஒரு எழுத்துப் பிழை.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்திருந்த 2023 மார்ச்சில், வருமான வரிக்காக வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட் எடுத்தேன். தவணை அதே 12,547. ஆனால் மீதி மாதங்கள் என்ற இடத்தில் 292 என்று இருந்தது. என் கணக்குப்படி 184 இருக்க வேண்டும். டைப்பிங் தப்பு என்றுதான் நினைத்தேன்.

தப்பில்லை. 2022 மே மாதத்திலிருந்து ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது பேங்குகளுக்கு அது கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 4 சதவீதத்திலிருந்து ஏற்றிக்கொண்டே வந்து 2023 பிப்ரவரியில் 6.5-ல் நிறுத்தியது. எங்கள் கடன் ரெப்போவோடு கட்டியது. 6.85 போய் 9.35 ஆகிவிட்டது, ஐம்பத்தேழு பைசா எழுபத்தெட்டு பைசா. தவணை ஏறினால் நாம் கத்துவோம். தவணையை அப்படியே விட்டு மாதத்தை நீட்டினால் சத்தமே இல்லை. 12,547-ல் 11,251 வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. 292 மாதம் என்றால் இருபத்து நாலு வருஷத்துக்கு மேல். அப்போது அவருக்கு வயது 42, ரிட்டயர்மென்ட் 58-ல். அறுபத்தாறு வயது வரைக்கும் யார் கட்டுவது?

கிளையில் கேட்டதற்கு "எல்லாருக்கும் அப்படித்தாங்க" என்றார்கள். அந்த ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, மாதத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். டிசம்பர் முடிவதற்குள் பழைய கடன்களுக்கும் இதைச் செய்ய வேண்டும். அதைக் காட்டி 2024 ஜனவரியில் ஒரு கடிதம் கொடுத்து, தவணையை 15,000 ஆக்கினோம். அதாவது மாதம் 2,453 கூடுதல். 283 மாதம் பாக்கி 175 ஆனது. ஒன்பது வருஷம் குறைகிறது! அவர் நம்பாமல் மூன்று தடவை கால்குலேட்டரைத் தட்டினார். கார்டும் புரோநோட்டும் முன்பே போயிருந்ததால்தான் அந்த 2,453 கையில் இருந்தது.

2024 ஏப்ரலில் சீட்டு முடிந்தது. கடைசி ஆள் என்பதால் தள்ளு இல்லை, கமிஷன் போக 1,90,000. இங்கே நான் செய்தது கணக்குப்படி தப்பு. பர்சனல் லோனில் 20 தவணை மீதி, அசல் 1,27,000 சொச்சம். நாலு சதவீத முன்கூட்டி முடிக்கும் கட்டணமும் ஜிஎஸ்டியும் 6,000 போனாலும், முடித்திருந்தால் வட்டியில் 12,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சியிருக்கும். அத்தையின் சங்கிலியோ வெறும் முக்கால் ரூபாய் வட்டியில் இருந்தது. ஆனால் இரண்டு வருஷமாக விசேஷ வீடுகளுக்கு அவர் வெறும் கயிற்றில் ஒரு மணி கோத்துப் போட்டுக்கொண்டு போவதை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கிலியை மீட்டோம். மிச்சத்தை ஏழரைப் பவுன் கணக்கில் கட்டினோம். கொக்கி பற்றவைத்த இடத்தை அத்தை கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கழுத்தில் போட்டார்.

ஏழரைப் பவுனை மீட்க 2025 தீபாவளி ஆனது. நடுவில் ஒரு தடவை, வட்டி மட்டும் கட்டி மாற்றி வைக்க முடியாது, அசலையும் கட்டித்தான் திருப்பி வைக்க வேண்டும் என்றார்கள். அந்த அசலுக்காக வாங்கிய ஒருநாள் கைமாற்றுக்கு ஆயிரம் ரூபாய் அழுதேன். 2022-ல் நகையை விற்றுவிடச் சொன்னவர்கள் நிறையப் பேர். அப்போது பவுன் 36,000 சொச்சம், நாங்கள் மீட்டபோது 90,000-க்கு மேல். அது எங்கள் சாமர்த்தியம் இல்லை, விற்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

பர்சனல் லோனின் அறுபதாவது தவணை நவம்பரில் போனது. சாயங்காலம் மெசேஜைக் காட்டியபோது அத்தை கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. நானே படித்துச் சொன்னேன்.

"அப்ப பாக்கி?"

"வீட்டுக் கடன் மட்டுந்தாங்க அத்தை. ரிசர்வ் பேங்க் இந்த வருஷம் குறைச்சிருக்காங்க. இப்ப எழுபது பைசா வட்டி."

"எழுபது பைசா." ஒரு நிமிஷம் யோசித்தார். "அது பாட்டுக்கு ஓடட்டும். அடுத்த மாசத்திலிருந்து அந்த ஏழாயிரத்தி முந்நூறை எங்க போடறே?"

பாதி வீட்டுக் கடன் அசலில், பாதி என் வீட்டுக்காரருடைய ரிட்டயர்மென்ட்டுக்கு அரசாங்கச் சேமிப்பான பி.பி.எஃப்.பில் என்று சொன்னேன். அது என்ன வட்டி தருகிறது என்று கேட்டார். 7.1-ஐப் பன்னிரண்டால் வகுக்கப் புதுசாக ஒரு காலண்டர் தாளைக் கிழித்தேன்.