தாய்லாந்தின் நியமனப் பட்டியலைப் படிக்கும் வழி: புதிதாகக் குடியேறும் தமிழருக்கு

தாய்லாந்துக்கு வேலைக்கு வந்தவருக்கு விசா, ஒர்க் பெர்மிட், தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை குடிவரவுத் துறைக்கு முகவரி தெரிவிப்பது எல்லாம் ஓரிரு வருடத்தில் கைவந்துவிடும். பிடிபடாமலே இருப்பவை அரசு, படைப் பதவிகளின் நியமனச் செய்திகள். ஒரு பட்டியலைப் பார்த்ததும் அலுவலகத் தாய்லாந்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நமக்கோ அதில் நீளநீளமான பெயர்கள் மட்டுமே தெரியும். அவர்கள் பார்ப்பது பெயரின் பின்பாதியை, யார் யாருக்கு உறவு என்று.

நம்மில் பெரும்பாலோர் இனிஷியலோடு வளர்ந்தவர்கள். இரண்டு இடத்தில் ஒரே பெயர் வந்தால் உறவென்று நினைக்க மாட்டோம். தாய்லாந்தில் 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடும்பப் பெயர் கட்டாயமானது. உறவில்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே பெயரைப் பதிய முடியாது. ஆகவே பின்பெயர் ஒன்றாக இருந்தால் அநேகமாக ஒரே குடும்பம்தான். ஆனால் பெயர் மாறிய மகள், மருமகன், அம்மா வழி உறவு ஆகியோர் இந்தச் சல்லடையில் சிக்க மாட்டார்கள். இன்னொன்று, அரசாணைகளில் புத்த ஆண்டுதான் இருக்கும், 543-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். 2557 என்றால் 2014.

அந்த 2014-இலிருந்து தொடங்கினால்தான் இன்றைய பேச்சு புரியும். மே 22 அன்று தரைப்படைத் தளபதி பிரயுத் சான்-ஓச்சா ஆட்சியைப் பிடித்தார். ஜூலை இறுதியில் ராணுவக் குழு தேர்ந்தெடுத்த சட்டமன்றம் வந்தது. முதல் பட்டியலில் 200 பேர், பாதிக்கு மேல் ராணுவமும் போலீஸும். ஆகஸ்ட் 21 அன்று அந்தச் சபை 191 வாக்குகளோடு, எதிர்ப்பே இல்லாமல், பிரயுத்தைப் பிரதமராக்கியது. சபையில் அவருடைய தம்பி பிரீச்சா சான்-ஓச்சாவும் இருந்தார்.

அடுத்த மட்டம் உதவியாளர்கள். அந்தச் சபையின் உறுப்பினர் ஒவ்வொருவரும் எட்டுப் பேரை வைத்துக்கொள்ள முடிந்தது. மாதம் 24,000 பாட் சம்பளத்தில் ஒரு நிபுணர், 15,000 பாட் சம்பளத்தில் ஏழு பேர், ஆக மொத்தம் 129,000 பாட். 2015 தொடக்கத்தில் உள்ளூர்ப் புலனாய்வுச் செய்தியாளர்கள் இந்தப் பட்டியல்களைப் புரட்டியபோது மனைவி, மகன், மகள், உடன்பிறந்தோர் என ஐம்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சொந்தங்கள் வெளிப்பட்டன. அப்போது அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை என்பதே சபையின் பதில். எதிர்ப்பு வலுத்த பிறகுதான் உறவினர்களை மாற்றச் சொன்னார்கள். ஊழலை ஒழிக்க வந்தோம் என்று சொன்ன ஆட்சியின் முதல் வருடத்திலேயே நடந்தது இது. எங்கள் பார்வையில், பெரிய பதவிகளைவிட இதுவே மோசம். தளபதியின் தம்பியை ஊரே பார்க்கும், உதவியாளர் பட்டியலை யார் பார்ப்பார்கள்?

பிரீச்சா 2015 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சகத்தின் நிரந்தரச் செயலாளரானார். அடுத்த ஏப்ரலில், அவர் மகனைத் துணை லெப்டினன்ட் நிலையில் படையில் சேர்க்கும் உத்தரவு வெளியே கசிந்தது. கையெழுத்து அப்பாவுடையது. காலியிடம் இருந்தது, தகுதி இருந்தது என்பது விளக்கம். அறிவிப்பும் பொதுத் தேர்வும் இல்லாமல் நேரடியாக எடுக்கும் வழி இருக்கிறவரை அந்த விளக்கம் சட்டப்படி நிற்கும். சிக்கலே அந்த வழிதான்.

பிறகு செனட். 2017 அரசியல் சாசனத்தின் இடைக்கால விதிப்படி உறுப்பினர்கள் 250 பேர். 194 பேர் தேர்வுக் குழுவின் பட்டியலிலிருந்து, 50 பேர் தொழில் பிரிவுகளிலிருந்து. இரண்டிலும் கடைசிச் சொல் ராணுவக் குழுவுடையது. மீதி ஆறு இடங்கள் படைத் தளபதிகள், போலீஸ் தலைவர் போன்றோருக்குப் பதவி வழியாகவே வந்தன. தேர்வுக் குழுவுக்குத் தலைவர் அப்போதைய துணைப் பிரதமர் பிரவித் வோங்சுவன். 2019-இல் பட்டியல் வந்தபோது அதில் பிரயுத்தின் தம்பியும் பிரவித்தின் தம்பியும் இருந்தார்கள்.

இது எப்படிச் சாத்தியமானது? 108-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசியல் பதவியில் இருப்பவரின் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் செனட்டில் சேர முடியாது என்று அது சொல்கிறது. உடன்பிறந்தோர் அதில் இல்லை. உறவைத் தடுக்கும் எந்த விதியைப் படித்தாலும் முதலில் யார் விடுபட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

அந்தச் செனட்டுக்குப் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஐந்தாண்டுகளுக்கு இருந்தது. 2019 ஜூனில் பிரயுத் பெற்ற 500 வாக்கில் 249 அங்கிருந்து வந்தவை. 2023 ஜூலையில், தேர்தலில் முதலிடம் பெற்ற கட்சியின் பீட்டாவுக்கு அங்கே கிடைத்தது 13 வாக்கு. சக ஊழியர்கள் அந்த வாரம் முழுக்க ஏன் பேசாமல் இருந்தார்கள் என்பது இந்த எண்களில் இருக்கிறது. 2024 மே மாதம் அதன் காலம் முடிந்தது. இப்போதுள்ள 200 பேர் செனட்டுக்கு அந்த உரிமை இல்லை.

பாங்காக்கில் இருப்பவர்களுக்கு இது குப்பை வண்டி வரைக்கும் வரும் விஷயம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரை 2016 அக்டோபரில் நீக்கி, போலீஸ் ஜெனரல் அஸ்வின் குவான்முவாங்கை அரசு நியமித்தது. கொரோனா காலத்தில் மாநகராட்சியின் செய்தித் தொடர்பாளர் அவருடைய மகன். 2022 மே 22 அன்றுதான் நகரம் மறுபடி வாக்களித்தது.

ரத்த உறவு மட்டும் பார்த்தாலும் பாதிதான் தெரியும். படை முன்பயிற்சிப் பள்ளியின் 'ருன்', அதாவது எந்த வருடத்துப் பிரிவு என்பது, அண்ணன் தம்பி உறவுக்குச் சமம். பிரவித் 6-ஆவது ருன், அனுபோங் பாவோச்சிந்தா 10, பிரயுத் 12. மூவரும் கிழக்குப் பகுதிப் படையணியில் வளர்ந்தவர்கள், வெவ்வேறு காலத்தில் தரைப்படைத் தளபதியானவர்கள். செய்தித்தாள் இவர்களைப் பிக் போம், பிக் போக், பிக் தூ என்று செல்லப்பெயரில்தான் எழுதும், அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். செல்வாக்குக்குத் தாய்லாந்து மொழியில் 'சென்', நேர்ப்பொருள் கோடு.

படைப் பதவி மாற்றங்கள் அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வரும், சிறிய பட்டியல் ஏப்ரலில். இரண்டும் அரசிதழில், 'ராட்சகிட்சா' இணையதளத்தில், இலவசமாகக் கிடைக்கும். படியுங்கள், ஆனால் பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து ஃபேஸ்புக்கில் எழுதாதீர்கள். இங்கே அவதூறு குற்றவியல் வழக்கு. வெளியிட்டுப் பரப்பினால் இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் பாட் வரை அபராதம். பேச்சு அரச குடும்பத்தின் பக்கம் திரும்பினால் 112-ஆவது பிரிவு, மூன்று முதல் பதினைந்து வருடம். வெளிநாட்டவர் என்ற விலக்கு இரண்டிலும் கிடையாது.