மழை பெய்யாத நாளின் கணக்கு

மழைப் பதிவேட்டில் மழை இல்லாததை எழுத மூன்று வழி உண்டு. போய் அளந்து பார்த்து ஒன்றுமில்லை என்றால் 0.0. மண் லேசாக நனைந்திருக்கிறது, மழைமானியின் உள்ளே ஈரம் தெரிகிறது, ஆனால் அளவுக் குவளையில் ஊற்றினால் 0.1 மில்லிமீட்டர்கூட வரவில்லை என்றால் அதற்கு ஒரு தனிக் குறி. ‘ட்ரேஸ்’ என்போம். யாரும் போய்ப் பார்க்கவே இல்லை என்றால் கட்டம் காலியாகக் கிடக்கும். முதல் இரண்டும் தகவல், மூன்றாவது ஓட்டை. வெளியாட்களுக்கு மூன்றும் ஒன்றுதான். மழை பெய்யலை, அவ்வளவுதானே சார் என்பார்கள். பாம்பனில் வானிலை நோக்கராக இருந்த காலத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இந்த வித்தியாசத்தைத்தான்.

கற்றுக்கொள்ளத் தோதான ஊரும்கூட. ராமேஸ்வரம் தீவின் மேற்கு முனை பாம்பன். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவமழையை மேற்குத்தொடர்ச்சி மலை வாங்கிக்கொண்டுவிடும், எங்களுக்கு வருவது காற்று மட்டும். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை கச்சான் காற்று மணலை வாரி மழைமானியின் புனலுக்குள் போடும். காலையில் தண்ணீரை அளப்பதற்குப் பதிலாக மணலைத் தட்டிக் கொட்டிவிட்டு 0.0 எழுதுவோம். மறுநாளும் அதே. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை அந்தப் பத்தி பெரும்பாலும் இப்படித்தான் ஓடும்.

மழையை அளப்பது காலை எட்டரை மணிக்கு. அது உலகப் பொது நேரப்படி 03 மணி. மற்ற நோக்கல்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாக இரவு பகல் பாராமல் நடக்கும். நான் பாம்பனில் வெப்பமானியைப் பார்க்கும் அதே நேரத்தில் இந்தியா முழுக்க, ஏன், உலகம் முழுக்க என்னைப் போல ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடம் பிந்திப் பார்த்தாலும் எண் வரும். ஆனால் மற்றவர்களுடைய எண்ணோடு அதைச் சேர்த்து வரைபடம் போட முடியாது.

ஸ்டீவன்சன் பெட்டி என்பது வெள்ளையடித்த மரப்பெட்டி. பக்கமெல்லாம் சாய்வுச் சட்டங்கள், கதவு வடக்குப் பார்த்திருக்கும். உள்ளே நான்கு வெப்பமானிகள். அதில் ஈரக்குமிழ் வெப்பமானிதான் தீவில் நம்மைப் பாடாய்ப் படுத்தும். அதன் குமிழைச் சுற்றி மெல்லிய மஸ்லின் துணி கட்டியிருக்கும், துணியிலிருந்து ஒரு நூல் திரி கீழேயுள்ள சிறு குப்பிக்குள் இறங்கும். திரி வழியே ஏறுகிற தண்ணீர் ஆவியாகிக் குமிழைக் குளிரவைக்கும். காற்று எவ்வளவு வறட்சியோ அவ்வளவு குளிர்ச்சி. கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறதே, அது அந்தத் துணியில் படிந்துகொண்டே இருக்கும். முதலில் ஒன்றும் தெரியாது. தொட்டால் லேசாக விறைப்பாக இருக்கும், ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு ஒன்று ஓடும். உப்பு படிந்த துணியில் தண்ணீர் சரியாக ஆவியாகாது, குமிழ் தேவையான அளவுக்குக் குளிராது. பதிவேட்டைப் பார்க்கிறவர் பாம்பனில் ஈரப்பதம் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். ஏறியது ஈரப்பதம் இல்லை, உப்பு.

அதனால் உள்நாட்டு நிலையங்களைவிட அடிக்கடி துணி மாற்றுவோம். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், அது போகும்வரை சோப்புப் போட்டு அலசிக் காயவைக்க வேண்டும். அப்புறம் நனைத்து, குமிழில் சுருக்கம் விழாமல் ஒரே சுற்றாகச் சுற்றி, மேலேயும் கீழேயும் நூலால் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் தண்ணீர் ஏறாது. தளர்ந்தால் கச்சான் உருவிக்கொண்டு போய்விடும். வெப்பமானியைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. கண்ணைப் பாதரச மட்டத்துக்கு நேராக வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, முதலில் தசமத்தைப் பார்த்துவிட வேண்டும், முழு டிகிரி பிறகு. நம் உடம்புச் சூட்டுக்கே தசமம் நகர்ந்துவிடும்.

இரவு நோக்கலில் எனக்குப் பிடித்தது மேகம். வானத்தை எட்டுப் பங்காக வைத்து எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று எழுதுவோம். நிலா இல்லாத ராத்திரி இரண்டரை மணிக்கு மேகத்தைப் பார்க்க முடியாது, நட்சத்திரம் இல்லாத இடத்தைத்தான் பார்க்க முடியும். டார்ச்சை அணைத்துவிட்டுக் கண் பழகும்வரை நிற்க வேண்டும். பகலில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று எழுத எங்களுக்கு ராமேஸ்வரத்துத் தொலைக்காட்சிக் கோபுரம் வசதி. 323 மீட்டர் உயரம். கச்சான் பலமாக அடிக்கும் நாட்களில் உப்பும் தூசியும் கலந்த மங்கலில் அது காணாமல் போகும்.

பாரமானி வேறு ரகம். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் மூச்சு விடுவதைப் போல நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கிலும் இரவு பத்து மணி வாக்கிலும் உச்சம், மாலை நாலு, விடியற்காலை நாலு வாக்கில் பள்ளம். புதிதாக வேலைக்கு வருகிற பையன் மதியம் அழுத்தம் இறங்குவதைப் பார்த்துப் பதறுவான். கொஞ்ச காலம் போனால் பழகிவிடும். ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் இருந்தால்தான் நாங்கள் நாற்காலியிலிருந்து எழுந்திருப்போம்.

2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தபோது அப்படித்தான் இருந்தது. 2ஆம் தேதி இரவு திரிகோணமலைப் பக்கம் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று எல்லோரும் காத்திருக்க, அது வலுவிழந்து ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்திலேயே கடலில் நின்றுகொண்டது. புயல் நேரத்தில் நோக்கல் மணிக்கு ஒரு முறை ஆகிவிடும். ஒவ்வொரு மணிக்கும் போய்ப் பார்த்து எழுதினால் ஏறக்குறைய முந்தைய மணியில் எழுதிய அதே எண்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்ததால் படகுகளைக் கட்டிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த சம்மாட்டி (படகு முதலாளி) ஒருவர் வழியில் மறித்துக் கேட்டார்.

“என்ன சார், போயிருச்சா?”

“இல்லண்ணே, அங்கேயேதான் நிக்குது.”

“காலையிலயும் இதையேதான சொன்னீக.”

காலையிலும் அதுதான் உண்மை, சாயங்காலமும் அதுதான் உண்மை. ஒரு புயல் நகரவில்லை என்பதை அறிய, நகரவில்லை என்று யாராவது திரும்பத் திரும்ப எழுதியிருக்க வேண்டும்.

இயற்கைக் குறிப்பு எழுதும் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் முன்னால் வேலை பார்த்த மூத்த நோக்கர் ஒருவர். அலுவலகப் பதிவேட்டில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. சொந்தமாக ஒரு நோட்டு வைத்திருந்தார். நான் உற்சாகமாகப் போய், “சார், கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரை வந்திருக்கு” என்றேன்.

“எப்ப வந்துச்சு?”

“இன்னைக்குப் பார்த்தேன்.”

“அது நீ வந்த தேதி தம்பி. அது எப்ப வந்துச்சு?”

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பு இல்லை. முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் அதே தண்ணீர்த் தேக்கத்தைப் பார்த்து ‘பூநாரை இல்லை’ என்று எழுதியிருந்தால்தான் வந்த தேதி என்று ஒன்று உண்டு. இல்லாவிட்டால் அது எனக்கு விடுமுறை கிடைத்த தேதி. அதன் பிறகு தனுஷ்கோடிச் சாலையில் எப்போது போனாலும் கோயிலைச் சுற்றியுள்ள தேக்கத்தைப் பார்த்துக் குறித்து வைப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் இருக்கும். கொக்கு, உள்ளான், ஆலா எல்லாம் இருக்கும், பூநாரை இருக்காது. மழை பெய்து தேக்கத்தில் தண்ணீர் நிற்க வேண்டும், பிறகு அவை நின்று மேயத் தோதாக அது வற்றத் தொடங்க வேண்டும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து, “என்ன சார் எழுதுறீங்க?” என்பார். “பறவை இல்லைன்னு எழுதுறேன்” என்றால் அதற்கு மேல் பேச்சு கொடுக்க மாட்டார். அந்தப் பகுதியை 2025 ஜூனில் தமிழக அரசு பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது.

கடலைப் பற்றியும் எழுதினேன். இங்கே வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். சுற்றுலா வருகிறவர்கள் தனுஷ்கோடியில் நின்று ஒரு பக்கம் அமைதி, ஒரு பக்கம் ஆவேசம் என்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில் வருகிறவர்கள், அப்போது கச்சான் தொடங்கும் நேரம், தென்கடல் கொந்தளிக்கும். கார்த்திகையில் வந்து பார்த்தால் வாடைக்காற்றில் பெண் கடல்தான் ஆடித் தீர்க்கும், ஆண் கடல் பேசாமல் கிடக்கும். மீனவர்களில் பலர் இதற்கேற்பக் கரை மாறித் தொழில் செய்வார்கள். இந்த மாற்றம் ஒரே நாளில் நடப்பதில்லை. நடுவில் எந்தப் பக்கமும் காற்று நிலைக்காத சில வாரங்கள் உண்டு. காற்றுத்திசைப் பத்தியில் அந்த வாரங்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும்.

கடல் உள்வாங்கியது என்று ஆண்டுக்குச் சில முறை செய்தி வரும். 2004க்குப் பிறகு அதைக் கேட்டால் வெளியூர்க்காரர்களுக்கு வயிறு கலங்கும், உடனே தொலைபேசி அடிக்கும். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்றும் வற்றமும், அதாவது கடல் இறக்கமும், சேர்ந்தால் படகுகள் தரை தட்டி நிற்பது புதிதல்ல. ஆனால் வழக்கம்தான் என்று தைரியமாகச் சொல்ல முந்தைய ஆண்டுகளின் குறிப்பு கையில் வேண்டும்.

புரட்டாசி, ஐப்பசியில் தட்டான்கள். கச்சான் ஓய்ந்து வாடை பிடிப்பதற்குள் மஞ்சள் தட்டான்கள் கூட்டமாகப் பறக்கும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. என் நோட்டை வைத்துப் பார்த்தால் தாழப் பறந்த நாட்களில் சிலவற்றில் மழை, பலவற்றில் 0.0. பழமொழியைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. தட்டான் வருவதும் மழை வருவதும் ஒரே பருவமாற்றத்தின் இரண்டு வேலைகள், நாள் கணக்கில் ஒத்துப்போக வேண்டியதில்லை. மாலத்தீவில் கடல் உயிரியலாளராக இருந்த சார்லஸ் ஆண்டர்சன் இதே தட்டான்கள் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009இல் எழுதினார். அவை முட்டையிடத் தேவையான நல்ல தண்ணீர் தரைக்கு மேல் மாலத்தீவில் அநேகமாக இல்லை, அங்கேயே பிறந்தவை என்று சொல்ல வழியில்லை. அக்டோபரில் அவை வந்து இறங்குவதை ஆண்டுதோறும் குறித்து வைத்திருந்தார். மீனைப் படித்தவர் தட்டானைக் குறித்தாரே என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பங்குனி ஆமையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மாதத்தின் பெயரையே சுமந்திருந்தாலும் தை மாதத்திலிருந்தே முட்டையிட வரும். வனத்துறையினர் இருட்டில் தடம் தேடி நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். மணல் எவ்வளவு சூடோ அதை வைத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது. சூடு கூடினால் பெண் கூடும். எங்கள் வெப்பமானிக்கும் அந்தக் குழிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று தெரிந்த அன்று ஒரு உச்ச வெப்பநிலையை வழக்கத்தைவிடக் கவனமாகப் படித்தேன்.

இப்போது தானியங்கி நிலையங்கள் வந்துவிட்டன. அவற்றைப் பற்றி எனக்குப் புலம்பல் கிடையாது. விடியற்காலை இரண்டரைக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒரு மனிதன் படிப்பதைவிடக் கருவி ஒழுங்காகவே படிக்கும். பாதரசம் கையாள ஆபத்தானது, அது போவதும் நல்லதுதான். நிலையங்கள் கூடினால் இன்னும் நல்லது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது, பாம்பனில் அதைவிட வெகுவாகக் குறைவு. இரண்டும் ஒரே தீவு. பாம்பன் மழைமானி மட்டும் இருந்திருந்தால் ராமேஸ்வரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களின் மழை எந்தக் கணக்கிலும் வந்திருக்காது.

ஓய்வுக்குப் பிறகு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குப் போகிறேன். 2015இலிருந்து தமிழ்நாட்டில் நடக்கிறது, குறிப்புகளை இ-பேர்ட் தளத்தில் ஏற்றுகிறோம். பட்டியலை அனுப்பும் முன் அது ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? ஆம் என்றால்தான், எழுதாத பறவை அங்கே இல்லை என்று பிறகு யாரும் கணக்குப் பார்க்க முடியும். அந்தக் கேள்வியை முதன்முதலில் படித்தபோது எங்கள் மூத்த நோக்கர் நினைவுதான் வந்தது. என்னோடு வந்த கல்லூரிப் பிள்ளைகள் பூநாரை, கடற்காகம், நண்டுதின்னி உள்ளான் என்று அழகாகப் பட்டியல் போட்டு ‘ஆம்’ என்று தட்டப் போனார்கள். நிறுத்தச் சொன்னேன்.

“காக்கா எங்கப்பா?”

“காக்கா எல்லா எடத்துலயும் இருக்குமே சார்.”

“இங்க எத்தனை இருந்துச்சு?”

யாரும் எண்ணியிருக்கவில்லை. திரும்ப நடந்தோம்.