டியூட்டி டாக்டரும் 2000 மீட்டரும்

ராணுவ மருத்துவமனை டியூட்டி பார்த்துக்கொண்டே 2000 மீட்டர் துடுப்புப் போட்டிக்குத் தயாராகும்போது காலும் நுரையீரலும் சொன்ன பேச்சைக் கேட்கும். மக்கர் பண்ணுவது உள்ளங்கைதான்.

கொப்புளம் வருகிற இடத்தைப் பார்த்தாலே பிடியில் என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். விரல்கள் தொடங்கும் மேட்டில் வந்தால் கவலை வேண்டாம், நாளடைவில் காய்த்துப்போகும். உள்ளங்கை நடுவில் வந்தால், கைப்பிடியை விரல்களால் கொக்கிபோல் மாட்டாமல் முஷ்டியாக இறுக்கியிருக்கிறோம் என்று அர்த்தம். அதே இறுக்கத்தோடு துடுப்பைத் திருப்பித் திருப்பி மணிக்கட்டுக்குச் சற்று மேலே தசைநாண் உறை வீங்கிவிடும். அங்கே விரலை வைத்து மணிக்கட்டை மடக்கினால் நறநறப்பது கைக்கே தெரியும்.

கொப்புளத்தின் மேல்தோலை உரிக்கவே கூடாது. கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி, நீரை வடித்து, தோலை அப்படியே படிய வைத்து, தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். உரிந்துவிட்டால், வார்டில் நோயாளிக்கு நோயாளி ஆல்கஹால் ஹேண்ட் ரப் தேய்க்கும்போது உயிர் போய்த் திரும்பும். எரிச்சலாவது பொறுத்துக்கொள்ளலாம், திறந்த புண்ணோடு ரத்தத்தைத் தொடுவதுதான் ஆபத்து. ரத்தம் வழியாகப் பரவுகிற ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, சி-க்கு இல்லை. பிளாஸ்டருக்கு மேல் இரட்டைக் கையுறை போடுங்கள். பிளாஸ்டர் நிற்காத அளவுக்குப் பெரிய புண் என்றால் அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிடுவதே சரி. படகிலும் கையுறை போடலாமே என்பார்கள். போட்டால் துடுப்பு திரும்புவது விரலுக்குத் தெரியாது. துடுப்பின் தட்டையான முனை சாய்வாக இறங்கித் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும், கைப்பிடி வந்து வயிற்றில் இடிக்கும்.

இரவு டியூட்டி முடிந்த காலையில் வேகப் பயிற்சி வேண்டாம். நிமிடத்துக்கு 18 முதல் 20 வீச்சில், பேச்சு கொடுக்க முடிகிற வேகத்தில் 40 நிமிடம் போதும். எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட 10 கூடியிருந்தால் அதுவும் வேண்டாம்.

ரோயிங் மெஷினில் 7 நிமிடம் இலக்கு என்றால் 500 மீட்டருக்கு 1:45. முதல் 500-ஐ 1:38-ல் பறந்துவிட்டு மூன்றாவது 500-ல் 1:52-க்குச் சரிவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மெஷினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கிற பக்கவாட்டு நெம்புகோலில் உள்ள எண்ணையும் நம்பாதீர்கள். தூசி அடைத்த மெஷினில் அதே 5 இலகுவாக ஓடும். இழுவை எவ்வளவு கனம் என்று காட்டும் டிராக் ஃபேக்டரைத் திரையில் பார்த்து 110-க்கும் 130-க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர்கள் சறுக்குகிற இடம் விலா. அக்குளுக்குக் கீழே மெல்லத் தொடங்கி, இருமினாலும் படுக்கையில் புரண்டாலும் குத்தினால், விலா எலும்பில் அழுத்த முறிவாக, அதாவது திரும்பத் திரும்ப இழுத்ததில் வந்த மெல்லிய விரிசலாக, இருக்கலாம். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் பிடிபடாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். மருந்து அலமாரி கையெட்டுகிற தூரத்தில் இருப்பதால் வலி மருந்தான டைக்ளோஃபெனாக்கைப் போட்டுக்கொண்டு படகேறத் தோன்றும். வலி மறையும், விரிசல் வளரும். உடம்பில் நீர் வற்றியிருந்தால் சிறுநீரகமும் சேர்ந்து அடி வாங்கும். சக டாக்டர் ஒருவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேளுங்கள். பொதுவாக 4 முதல் 6 வாரம் கைப்பிடியை இழுக்கிற எதுவும் கிடையாது. வலி இல்லாவிட்டால் சைக்கிள் மிதிக்கலாம்.